கருவைக் காட்டில் மாஸ்ஸியின் ரேடியேட்டர்

அப்பா மாஸ்ஸி பெர்குசன் 1035 வாங்கியது எண்பதுகளின் தொடக்கத்தில். அப்போது மீமிசலைச் சுற்றி டிராக்டர் வைத்திருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சென்னை செம்பியத்தில் டாஃபே கம்பெனி செய்த வண்டி அது. எஞ்ஜின் சிம்சன், மூன்று சிலிண்டர். கண்மாயையும் வானத்தையும் நம்பியே பிழைக்கும் ஊர் எங்களுடையது. ஐப்பசி மழை இறங்குவதற்குள் புழுதி உழவு ஓட்டி விதைத்துவிட வேண்டும். மாடு கட்டி உழுது முடிப்பதற்குள் பருவம் தப்பிவிடுகிறது என்றுதான் அப்பா கடன்பட்டு அதை வாங்கினார். உழவுக்கென்று வந்த அந்த வண்டி தன் ஆயுளில் பாதியைச் சீமைக்கருவைக் காட்டில் கழித்தது. அங்கே அதிகம் அடிபட்டதும் அதிகம் கவனிக்கப்பட்டதும் அதன் ரேடியேட்டர்.

கருவையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது இந்த மண்ணின் மரமில்லை. மெக்சிகோவும் தென்னமெரிக்காவும் அதன் தாயகம். 1870-களில் ஜமைக்காவிலிருந்து விதை வந்து, கடப்பைப் பக்கம் நட்டார்கள். நம் வறண்ட மாவட்டங்களில் விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று பிற்பாடு அரசே விதை தூவச் செய்தது. இதற்காக யாரையும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுள்ளி பொறுக்கப் பெண்கள் வெகுதூரம் நடந்த காலம் அது. கருவை வந்தபின் அடுப்பெரிக்கும் கவலை தீர்ந்தது. கரிமூட்டம் போட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். ஆனால் ஆடு நெத்தைத் தின்று புழுக்கை போட்ட இடமெல்லாம் கன்று முளைத்தது. ஒரு வருஷம் விதைக்காமல் விட்ட புஞ்சை, நாலு வருஷத்தில் ஆள் நுழைய முடியாத புதராகிவிடும். அதை மறுபடி நிலமாக்கத்தான் மாஸ்ஸியைக் கூப்பிடுவார்கள்.

வேலை இப்படி நடக்கும். முதலில் ஆட்கள் அரிவாளால் கொப்புகளைக் கழித்து, ஒரு முழ உயரத்துக்குக் கட்டையை விட்டுவைப்பார்கள். தூரைச் சுற்றி மண்ணைத் தோண்டிச் சங்கிலி போட்டு, மறுமுனையை டிராக்டரின் பின்பக்கம் தாழ்வாக இருக்கும் இழுவைச் சட்டத்தில் மாட்ட வேண்டும். உயரத்தில் மாட்டினால் முன்சக்கரம் எழும்பி, வண்டி ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்து விழும். அப்படி உயிர்போன கதைகள் எங்கள் பக்கத்திலும் உண்டு. கருவையை மண்மட்டத்துக்கு வெட்டினால் பயனில்லை. மண்ணுக்குள் இருக்கும் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். தூரோடு வந்தால்தான் அது செத்தது என்று அர்த்தம். ஆகவே முதல் கியரில், எஞ்ஜின் முக்க முக்க, நின்ற இடத்தில் நின்று இழுக்க வேண்டும்.

ரேடியேட்டருக்கு வரும் சோதனை இங்கேதான். டீசல் எரிந்து பிறக்கும் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தைத் தண்ணீர் சுமந்துவந்து ரேடியேட்டரில் இறக்கியாக வேண்டும். பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஓடுகிற ஓட்டத்திலேயே எதிர்க்காற்று கிடைத்துவிடும். கருவை பிடுங்கும் டிராக்டருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. காற்று முழுவதையும் விசிறிதான் முன்னாலிருந்து இழுக்க வேண்டும். இழுக்கும்போது கருவை இலையும் சேர்ந்து வரும். அந்த இலை மிகப் பொடிசு. காய்ந்தால் தூள்தூளாக உதிரும். கிரில்லின் இடுக்கில் சுலபமாக நுழைந்து, ரேடியேட்டரின் உள்பகுதியான கோரில் இருக்கும் செப்புத் தகடுகளின் நடுவே போய் அப்பிக்கொள்ளும். அதன்மேல் புழுதி படியும். எங்காவது எண்ணெய்க் கசிவு இருந்தால் எல்லாம் சேர்ந்து களிம்பாகிவிடும். காற்று போக வழியில்லாமல், சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடும்.

இலை மெதுவாகக் கெடுக்கும். கொப்பு ஒரே குத்தில் கெடுக்கும். முன் அச்சுக்கு அடியில் மடங்கிய கிளை, அச்சு தாண்டியதும் வில்லாக நிமிர்ந்து மேலே வரும். சீவிய முனையாக இருந்தால் கிரில்லுக்குக் கீழே புகுந்து கோரைக் குத்திவிடும். அதைவிட அதிகம் நடப்பது, அடிக் குழாயின் ரப்பர் ஹோஸ் பிய்ந்துபோவதும் தண்ணீர் வடிக்கிற டேப் ஒடிந்துபோவதும்தான்.

எங்கள் வண்டியை ஓட்டியவர் எனக்குச் சித்தப்பா முறை. பள்ளிக்கூடத்தை அஞ்சாம் வகுப்போடு விட்டவர். அவர் கருவைக்குள் நுழையும்போது எப்போதும் பின்பக்கமாகத்தான் நுழைவார். பெரிய சக்கரம் முதலில் போய்ப் புதரை மிதித்துப் படுக்கவைக்கும். ரேடியேட்டர் வெட்டவெளியைப் பார்த்திருக்கும். திரும்பி வரும்போது மிதிபட்ட தடத்திலேயே வருவார். அவசரக்காரர்கள் முகத்தைக் கொடுத்து நுழைந்து, மதியத்துக்குள் வண்டியைக் கட்டியிழுத்துக்கொண்டு போவார்கள்.

கிரில்லுக்கு முன்னால் ஆங்கிள் சட்டத்தில் கெட்டிக் கம்பிவலை வைத்து வெல்டிங் செய்து மாட்டியிருந்தார். அச்சுக்கும் கோரின் அடிப்பகுதிக்கும் நடுவே ஒரு கனத்த இரும்புத் தகடு. கொப்புக்கு இவ்வளவு போதும். இலைக்கு எங்கள் கடற்கரைதான் வழிசொன்னது. ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் கிழிந்து ஒதுக்கிய இறால் வலை சும்மா கிடைக்கும். அதை ஒரு கம்பிச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கம்பிவலைக்குள் கொக்கி போட்டு மாட்டினார். வலை கோரை ஒட்டி இருக்கக்கூடாது, நாலு விரற்கடை தள்ளி நிற்க வேண்டும் என்பதில் கறாராக இருப்பார். ஒட்டியிருந்தால் இலை படிந்த இடத்தில் அப்படியே காற்று அடைபடும். தள்ளி நின்றால் காற்று பக்கவாட்டில் பரவி உள்ளே போகும். பீடி பற்றவைக்க இறங்கும் போதெல்லாம் சட்டத்தைக் கழற்றி ஒரு உதறு உதறி மாட்டுவார். சாக்கைத் தொங்கவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். “மூக்கப் பொத்திக்கிட்டு மூட்டை தூக்கச் சொன்னா ஆகுமாடா?” என்பார்.

ஒரு சித்திரை மாதம், ஊருக்கு மேற்கே ஒரு தரிசில், அந்த டேப் ஒடிந்தது. தகட்டுக்கும் கோருக்கும் நடுவே இருந்த சின்ன சந்தில் ஒரு குச்சி புகுந்து பித்தளை டேப்பை வேரோடு முறித்துவிட்டது. சுடுதண்ணீர் கொட்டுகிறது. சித்தப்பா உடனே எஞ்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். மூடியைத் தொடவில்லை. எஞ்ஜின் ஆறட்டும் என்று நிழலில் உட்கார்ந்துகொண்டு, வெட்டிப்போட்ட கருவையிலிருந்து பச்சைக் குச்சி ஒன்றை எடுத்துப் பட்டை உரித்தார். அரிவாள் நுனியால் கூராகச் சீவினார். தலைத்துண்டின் ஓரத்தைக் கிழித்து அதில் சுற்றி, துணிசோப்பைத் தேய்த்து, ஓட்டையில் வைத்து ஒரு கல்லால் மெல்லத் தட்டினார். ஈரம் பட்டால் சுற்றிய துணி ஊதி இறுகிக்கொள்ளும்; அப்புறம் சொட்டாது. எஞ்ஜினை ஓடவிட்டுக் குடத்துத் தண்ணீரை நிதானமாக ஊற்றினார். கொதித்த எஞ்ஜினில் பச்சைத்தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் ஹெட் விட்டுவிடும். நான் மூடியை எடுத்துத் திருகப் போனேன். “முழுசா இறுக்காதடா. அழுத்தம் ஏறுனா ஆப்பு தெறிச்சிரும்” என்றார்.

அந்த மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் தண்ணீரை அழுத்தத்தில் வைத்து, 100 டிகிரியில் கொதிக்க வேண்டியதை ஏறக்குறைய 110 வரை கொதிக்காமல் தாங்கும் என்று நான் பாலிடெக்னிக்கில் பிற்பாடுதான் படித்தேன். அவர் படிக்காமலே அதை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். வண்டியைக் காயப்படுத்திய மரமே வண்டிக்கு மருந்தாகி, அந்த ஆப்போடு வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் ரேடியேட்டரைக் கழற்றி, அறந்தாங்கி பஸ்ஸின் கூரையில் ஏற்றிக்கொண்டு போனோம். அங்கே ஒரு தகரக் கொட்டகையில் ரேடியேட்டர் பாய் இருந்தார். ஆவுடையார்கோயிலிலிருந்து மணமேல்குடி வரைக்கும் எல்லா டிராக்டரின் ரேடியேட்டரும் அவர் கைபட்டவைதான். கோரை மோந்து பார்த்து, “கருவையா தம்பி?” என்று கேட்பார்.

அவர் செய்யும் வேலையைப் பார்ப்பதற்காகவே நான் பள்ளிக்கு மட்டம் போடுவேன். மேல்வாய், அடிவாய் இரண்டையும் அடைத்து, மூடி வாயில் சைக்கிள் பம்பை வைத்துக் காற்றடித்து, சிமெண்டுத் தொட்டித் தண்ணீரில் முக்குவார். குமிழி வரும் இடத்தில் ஆணியால் கீறி அடையாளம் வைப்பார். பிறகு மேல் டேங்க்கின் விளிம்பை ஊதுவிளக்கால் சூடாக்கி ஈயத்தை இளக்கி, டேங்க்கை முழுசாகப் பெயர்த்தெடுப்பார். உள்ளே வரிசையாகத் தட்டைக் குழாய்களின் வாய் தெரியும். ஒவ்வொன்றிலும் மெல்லிய பட்டைக் கம்பியை விட்டு உப்பையும் துருவையும் இறக்குவார். குத்துப்பட்ட குழாயைச் சுற்றியிருக்கும் செப்புத் தகடுகளைக் குறட்டால் ஒதுக்கி, ஆசிட் தடவி, ஈயம் வைப்பார். மோசமாகக் கிழிந்த குழாயாக இருந்தால் இரண்டு முனையையும் ஈயத்தால் அடைத்துவிடுவார். மற்ற குழாய்கள் அதன் பாரத்தைச் சுமக்கும். பத்தில் ஒன்றுக்கு மேல் அடைக்க நேர்ந்தால், “இனிமே இது சூடு தாங்காது, கோரை மாத்திருங்க” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். காசுக்காக ஒட்டித் தருகிற ஆளில்லை.

கொட்டகை ஓரத்தில் ஒரு பழைய கோரை அறுத்து வைத்திருந்தார். உள்ளே மஞ்சள் நிறத்தில் இறுகிப்போய் அடைத்திருக்கும். ஒழுகுகிற ரேடியேட்டரில் மஞ்சள்தூளைக் கொட்டினால் நின்றுவிடும் என்று செய்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஓட்டை நிற்பது உண்மைதான். நல்ல குழாய்களும் சேர்ந்து நின்றுவிடும். வருகிறவர்களுக்கு அதைக் காட்டத்தான் வைத்திருந்தார்.

பாயின் தொழில் ஊன்றி நின்றது ஒரு இடைவெளியில். வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று 200 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். பித்தளை உருக 900 டிகிரிக்கு மேல் வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்த அகலமான வெளியில், ஒரு ஊதுவிளக்கும் ஒரு ஆளும் பயமில்லாமல் வேலை செய்யலாம். எத்தனை தடவை பிரித்தாலும் பித்தளை கோபித்துக்கொள்ளாது.

தண்ணீரையும் சொல்லாமல் விடமுடியாது. கடலோர ஊரில் போர்த் தண்ணீர் கரிக்கும். கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் கோரின் குழாய்க்குள்ளும் படியும். படிந்த உப்பு சூட்டை இறங்கவிடாது, உலோகத்தையும் அரிக்கும். ஆகவே ரேடியேட்டருக்கு ஊருணித் தண்ணீர்தான். அதை வேட்டித் துணியில் வடிகட்டி ஒரு தகர டின்னில் வண்டியோடு கட்டிவைத்திருப்பார் சித்தப்பா. மழைக்காலத்தில் ஓட்டிலிருந்து விழும் தண்ணீரைப் பிடித்துவைப்பதும் உண்டு. குடிக்கிற தண்ணீரைத்தான் வண்டிக்கும் கொடுத்தோம்.

2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தென் மாவட்டங்களில் சீமைக்கருவேல மரங்களை அகற்ற உத்தரவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக ஜேசிபிகள் இறங்கின. அந்த ஆண்டு கோடையிலேயே இடைக்காலத் தடையும் வந்தது. 2022-இல் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்று தமிழக அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. ஒரு காலத்தில் தூவச்சொன்ன விதையைத்தான் இப்போது பொறுக்கச் சொல்கிறார்கள். பிடுங்கச் சொல்வது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். பிடுங்கிய இடத்தில் அடுத்த ஐப்பசிக்கே விதைக்காவிட்டால் அந்தச் செலவு வீண் என்பதையும் சேர்த்தே நினைக்கிறேன். மாஸ்ஸி இழுத்து நிலமாக்கிய புஞ்சைகளில் பாதிக்கு மேல் இன்று மறுபடி கருவை. உரியவர்கள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள்.

அக்கா மகன் இப்போது புது டிராக்டர் வைத்திருக்கிறான். மாஸ்ஸியைவிடப் பலமான வண்டி. பவர் ஸ்டீயரிங், சூடு கூடினால் விளக்கெரியும் எச்சரிக்கை, எல்லாம் உண்டு. ரேடியேட்டர் அலுமினியம், இருபுறமும் பிளாஸ்டிக் டேங்க். கனம் குறைவு, விலை குறைவு, சாதாரண ஓட்டத்துக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. போன வருஷம் கோடையில் கருவைக்குள் முகம் கொடுத்து நுழைந்தபோது ஒரு கொப்பு கோரில் இறங்கிவிட்டது. ஒரே ஒரு குழாய்தான் போயிருந்தது. பாயாக இருந்தால் டீ ஆறுவதற்குள் முடிக்கிற வேலை.

அவன் வாங்கிய கடையில், “இதுக்கெல்லாம் ரிப்பேர் கிடையாது சார், மொத்தமா மாத்தணும்” என்றார்கள். அதில் பொய்யில்லை. அலுமினியக் கோரைச் சூளையில் வைத்து 600 டிகிரி வாக்கில் ஒட்டுகிறார்கள். அலுமினியமே 660-இல் உருகிவிடும். பித்தளையில் நூற்றுக்கணக்கான டிகிரியாக இருந்த அந்த வெளி, இதில் சில பத்து டிகிரியாகச் சுருங்கிவிட்டது. ஊதுவிளக்கைக் காட்டினால் ஓட்டை பெரிதாகும். பிளாஸ்டிக் டேங்க்கை ஈயத்தை இளக்கிப் பெயர்க்கவும் முடியாது. உலோக விளிம்பை மடக்கி ரப்பர் வைத்து அழுத்தியிருக்கிறார்கள். புதுசு வந்து சேரும் வரை வண்டி கொட்டகையில் நின்றது. ஐப்பசிக்கு முன்னால் ஓட்ட வேண்டிய உழவுக்கு, ஷெட்டில் கிடந்த மாஸ்ஸியைத்தான் வெளியே எடுத்தோம். பாய் ஈயம் வைத்த வடு இன்னும் அதன் கோரில் தெரிகிறது.

இப்போது இருக்கிற எதுவும் ஆகாது என்று சொல்ல வரவில்லை. இன்று கடையில் கிடைக்கும் கூலன்ட் நல்ல பொருள். கொதிநிலையை உயர்த்துகிறது, துருப்பிடிக்காமல் காக்கிறது. அதில் இருக்கும் கிளைக்கால் விஷம் என்பதால் ஆடு மாடு வாய் வைக்காத இடத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். விசிறியைக் கொஞ்ச நேரம் எதிர்த்திசையில் ஊதவிட்டு, வலையில் ஒட்டிய சருகைத் தானே தள்ளிவிடும் ஏற்பாடு வெளிநாட்டு அறுவடை இயந்திரங்களில் வெகுநாளாக இருக்கிறது. பின்லாந்து, சுவீடன் காடுகளில் ஓடும் டிராக்டர்களுக்கு அடிவயிறு முழுக்கத் தகடு அடித்துத்தான் அனுப்புகிறார்கள். கீற்றுக் கொட்டகையில் சித்தப்பா யோசித்ததும் அதே வழிதான். எனக்கு வருத்தம் வேறு. அன்று நல்ல பொருள் இல்லை, ஆனால் தண்ணீரை மோந்து பார்க்கவும் கோரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும் ஆள் இருந்தது. இன்று கூலன்ட் இருக்கிறது. அது குறைந்தால் கரிக்கிற போர்த் தண்ணீரை ஊற்றி நிரப்புகிறார்கள். வலை கிடைக்கிறது, கொக்கி போட ஆளில்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகுதான் பானெட்டைத் திறக்கிறார்கள்.

அறந்தாங்கிக் கொட்டகை இப்போது இல்லை. பாய் காலமாகிவிட்டார். அவர் மகன் கார் ஏசி வேலைக்கு மாறிவிட்டான். பழைய செப்புக் கோருக்குக் காயலான் கடையில் நல்ல விலை கிடைப்பதால், ஒழுகாத ரேடியேட்டர்கள்கூட எடைக்குப் போகின்றன.

பழைய மாஸ்ஸியோ ஃபோர்டோ ஷெட்டில் வைத்திருப்பவர்களை வேண்டிக் கேட்கிறேன்: அந்தக் கோரை எடைக்குப் போடாதீர்கள். காட்டு வேலைக்கு இறங்குமுன் கிரில்லுக்குக் கம்பிவலையும், அச்சுக்கு மேல் தகடும், கோருக்கு நாலு விரற்கடை முன்னால் கழற்றி உதறக்கூடிய நைலான் வலையும் மாட்டுங்கள். சருகை ஊதித்தள்ளும்போது விசிறிப் பக்கமிருந்து முன்பக்கமாக ஊதுங்கள்; எதிர்த்திசையில் அடித்தால் இன்னும் உள்ளே போய் இறுகும். காற்றின் வேகம் மிதமாக இருக்கட்டும், தகடு மடங்கிவிடும். சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள். ரேடியேட்டரில் ஈயம் வைக்கத் தெரிந்த பெரியவர் உங்கள் ஊரில் யாராவது இன்னும் இருந்தால், ஐடிஐ படிக்கும் பையன் ஒருவனை அவரிடம் இந்தக் கோடை விடுமுறையிலேயே அனுப்பிவையுங்கள்.